நெல்லை வெயிலில் நீர்த்தவளை வளர்ப்பு: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

அக்வேரியம் கடைகளில் இப்போது கலர் மீன்களுக்குப் பக்கத்திலேயே குட்டித் தவளைகளையும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கண்ணில் பட்டால் வாங்காமல் வீடு திரும்ப முடியாது. வாங்கி வந்த பிறகு எப்படி வளர்ப்பது என்று தேடினால், கிடைக்கிற குறிப்புகள் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. முதல் வரியே ஹீட்டர் வாங்கச் சொல்லும். பாளையங்கோட்டையில் மே மாதம் 38, 39 டிகிரி சாதாரணம். இங்கே ஹீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? நம்மூரில் தவளையைக் கொல்வது இரண்டே விஷயம்தான்: சூடு, குழாய்த் தண்ணீர். அதனால் அந்த இரண்டைப் பற்றித்தான் இதில் அதிகம் எழுதியிருக்கிறேன்.

மீன்தொட்டி வைத்து ஓரளவு பழகியவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தொட்டியை எங்கே வைப்பது, ஏர் பம்பை எப்படி மாட்டுவது என்பதெல்லாம் இதில் இருக்காது.

1. எந்தத் தவளை என்று முதலில் பாருங்கள்

கடையில் "ஆப்பிரிக்கத் தவளை" என்ற ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று குட்டைத் தவளை (ஹைமனோகைரஸ்). முழுதாக வளர்ந்தாலும் 3, 4 செ.மீ.தான். இன்னொன்று நகத் தவளை (ஸெனோபஸ்). வாங்கும்போது குட்டியாக இருக்கும். வளர்ந்தால் 10 செ.மீ. தாண்டி உள்ளங்கையை நிறைக்கும். வாய்க்குள் போகிற எந்த மீனையும் விழுங்கிவிடும். 15 வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

வித்தியாசம் முன்னங்கையில் இருக்கிறது. "அண்ணாச்சி, அதைக் கொஞ்சம் கண்ணாடிப் பக்கம் ஒதுக்கிக் காட்டுங்க" என்று கேட்டு, முன்னங்கை விரல்களைப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தால் குட்டைத் தவளை. விரல்கள் தனித்தனியாகப் பிரிந்திருந்தால் நகத் தவளை. கண் பக்கவாட்டில் இல்லாமல் தலைக்கு மேலே வானம் பார்த்தபடி இருந்தாலும் நகத் தவளைதான். வெள்ளையாக, இளஞ்சிவப்புக் கண்ணோடு இருப்பவையும் அநேகமாக அந்த வகைதான்.

என் கருத்து இது: ஏசி ஓடாத வீட்டில் நகத் தவளை வேண்டவே வேண்டாம். அதற்குப் பிடித்தது 18 முதல் 22 டிகிரி வரை உள்ள தண்ணீர். நம் ஊரில் மார்கழி விடியற்காலையில் கூட அது கிடைப்பது கஷ்டம். குட்டைத் தவளைக்கு 24 முதல் 27 வரை போதும். அதைச் சமாளிக்கலாம். இனி எழுதுவதெல்லாம் குட்டைத் தவளைக்கு.

2. தொட்டி

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். இரண்டு மூன்று தவளைக்கு இது தாராளம். முக்கால் அளவுக்கு நிரப்பினால் 40 லிட்டர் சொச்சம் வரும். உயரமான தொட்டி வேண்டாம். இதற்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். மூச்சுவிட ஒவ்வொரு முறையும் மேலே வந்து போக வேண்டும்.

கலர் கூழாங்கல் போடாதீர்கள். சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிவிடும், வயிற்றில் போய் அடைத்துக்கொள்ளும். தவளையின் தலையை விடப் பெரிய கல் போடலாம், அல்லது மெல்லிய மணல். நான் எதுவும் போடாமல் வெறும் தரையாகத்தான் விடுகிறேன். கழிவு கண்ணில் படும், உறிஞ்சி எடுப்பதும் சுலபம். ஒளிந்துகொள்ள மட்டும் இடம் வேண்டும். காருகுறிச்சி மண்சட்டி ஒன்றைப் பாதியாக உடைத்து, விளிம்பைத் தரையில் நன்றாகத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். புதுச்சட்டியாக இருக்கட்டும். எண்ணெய் பட்டதும் பெயின்ட் அடித்ததும் ஆகாது.

ஃபில்டர் என்றால் ஸ்பான்ஜ் ஃபில்டர் மட்டும்தான். மோட்டார் வைத்த பவர் ஃபில்டர் விலையும் கூட, இழுப்பும் கூட. தவளையின் கால் உறிஞ்சும் துளையில் மாட்டிக்கொள்ளும். ஓடுகிற தண்ணீரில் நீந்தி நீந்தி அது களைத்தும் போகும்.

3. தண்ணீர்: இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்

தாமிரபரணித் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குழாயில் வரும்போது அதில் குளோரின் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கலங்கி ஓடும் நாட்களில் பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கிலேயே தெரியும். மீனுக்காவது செதில் இருக்கிறது. தவளை தன் தோல் வழியாகவே தண்ணீரை உள்ளே இழுக்கிறது. தண்ணீரில் என்ன இருக்கிறதோ, அது நேராக உடம்புக்குள் போகும்.

திறந்த பக்கெட்டில் ஒரு நாள் முழுக்க வைத்தால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். அவசரம் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு ஊற்றலாம். நான் இரண்டையும் செய்கிறேன். சொட்டு மருந்து விலை ஒன்றும் அதிகமில்லை.

அடுத்தது மொட்டைமாடித் தொட்டி. கறுப்பு பிளாஸ்டிக் டேங்கில் மதியம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் கை சுடும். அந்தத் தண்ணீரைக் குளோரின் எடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் அப்படியே ஊற்றினால் தவளை அன்றைக்கே துவண்டுவிடும். தண்ணீர் மாற்றுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் பிடித்து, தொட்டி இருக்கிற அதே அறையில் வைத்த பக்கெட் தண்ணீராக இருக்கட்டும். இரண்டிலும் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பொறுங்கள்.

போர் தண்ணீர் உள்ளவர்கள் வாயில் வைத்துப் பாருங்கள். லேசாக உப்புக் கரித்தாலும் வேண்டாம். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று, வெளியூர்க் குறிப்புகளில் இருக்கவே இருக்காது. டெங்கு சீசனில் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுத் தொட்டிகளில் அபேட் மருந்து ஊற்றிவிட்டுப் போவார்கள். அவர்கள் வேலை அது, செய்யட்டும். ஆனால் அந்தத் தண்ணீரைத் தவளைக்கு எடுக்கக் கூடாது, அது பூச்சிமருந்து. அவர்கள் வருவதற்கு முன்பே நாலைந்து பக்கெட் பிடித்துத் துணி கட்டி வைத்துவிடுங்கள். தவளைத் தொட்டியையும் காட்டி, "இதுல ஊத்திராதீங்க, இது கொசுப்புழுவைத் திங்கிற தவளை" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான், கொசுப்புழு என்றால் இவை விட்டுவைக்காது.

தொட்டி நிரப்பிய அன்றே தவளையை விடுவது அடுத்த தப்பு. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஸ்பான்ஜில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பழகிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்பான்ஜ் ஒன்று கேட்டு வாங்கிப் போட்டால் சீக்கிரம் ஆகும். அவர் தொட்டியில் நோய் இல்லை என்று தெரிந்தால் மட்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகு தவளை வாங்கக் கிளம்புங்கள். அதன் பிறகு வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும்.

4. மூடியும் வெயிலும்

மூடி இல்லாமல் வளர்க்கவே முடியாது. ஏர் ட்யூப் நுழைகிற இடுக்கு போதும், ஏறி வெளியே வந்துவிடும். வெளியே வந்தால் மின்விசிறிக் காற்றில் சில மணி நேரத்தில் காய்ந்துபோகும். அதற்காகக் கண்ணாடியால் மூடினால், சித்திரை வெயிலில் உள்ளே வெக்கை அடைந்து தண்ணீர் 32 டிகிரிக்குப் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி, வலைமூடி. ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிற கடையில் அளவு கொடுத்தால் அலுமினியச் சட்டத்தில் ஃபைபர் வலை கட்டித் தருவார்கள். ட்யூப் போகிற மூலையை மட்டும் ஸ்பான்ஜ் துண்டால் அடைத்துவிடுங்கள். தண்ணீருக்கும் வலைக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி இருக்கட்டும்.

வலைக்கு மேலே சின்ன ஃபேன் ஒன்றைச் சாய்த்து வைத்து, தண்ணீரின் மேற்பரப்பில் காற்றுப் படும்படி விடுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். நம்மூர் வெயில் ஈரமில்லாத வறண்ட வெயில் என்பதால் இது நன்றாகவே வேலை செய்கிறது. தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊர்களில் புழுக்கம் அதிகம், அங்கே இவ்வளவு எதிர்பார்க்க முடியாது. குறைகிற தண்ணீரைக் குளோரின் எடுத்த தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வர வேண்டும்.

ஐஸ் கட்டி போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஐந்து டிகிரி சட்டென்று இறங்கி மறுபடி ஏறுவதை விட, ஒரே சீராக 28-ல் இருப்பது மேல். தளத்துக்கு நேர் கீழே உள்ள மாடி அறையை விடக் கீழ்வீட்டில், மேற்கு வெயில் படாத சுவர் ஓரம் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனியில் குற்றாலச் சாரல் காற்று வந்துவிட்டால் ஃபேனை நிறுத்திவிடலாம்.

5. சாப்பாடு

இவற்றுக்குக் கண் மந்தம். மோப்பம் பிடித்துத்தான் வரும். நாக்கும் கிடையாது, இரண்டு கையாலும் சாப்பாட்டை வாய்க்குள் தள்ளும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். மீனோடு சேர்த்து வளர்த்தால், இது வாசனை பிடித்து வருவதற்குள் மீன் எல்லாவற்றையும் காலி செய்துவிடும். தவளை நாளடைவில் பட்டினியில் மெலியும். தவளையைத் தனியாக வளருங்கள்.

உறையவைத்த பிளட்வோர்ம் (சிவப்புப் புழு), ஆர்ட்டீமியா (உப்புநீர்க் குட்டி இறால்) இரண்டும் நல்லது. ஒரு துண்டைத் தண்ணீரில் கரைத்து, மெடிக்கலில் விற்கும் ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சில் ஏர் ட்யூப் துண்டு ஒன்றைச் சொருகி, மூக்குக்கு நேரே மெதுவாக விடுங்கள். பத்து ரூபாய்ச் சாமான், விலைகூடின இடுக்கிகளை விட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. கார்த்திகைக்கு வாங்கிய புது அகல் மீதி இருந்தால் ஒன்றை உள்ளே வைத்து, எப்போதும் அதிலேயே விட்டால் தவளை இடத்தைப் பழகிக்கொள்ளும். ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும். மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

சாக்கடைப் பக்கம் அள்ளி விற்கிற உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு வேண்டாம். மண்புழு கொடுக்கலாம்; ஆனால் வாழைத்தோட்டத்து மண்ணில் மருந்து அடித்திருப்பார்கள், அங்கே தோண்டாதீர்கள்.

6. கை

தவளையைத் தூக்கிக் கொஞ்சாதீர்கள். தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய், சோப்பு, கொசுக்கடிக்குத் தடவிய களிம்பு எல்லாம் அதன் தோலில் இறங்கும். அந்த அறையில் கொசுவத்தி, ஸ்பிரே எதுவும் வேண்டாம்.

நமக்கும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 2009 முதல் 2011 வரை குட்டைத் தவளைத் தொட்டிகள் வழியாக 200 பேருக்கு மேல் சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி தொற்றியது. பெரும்பாலும் 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். தொட்டியில் கைவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தொட்டிச் சாமான்களை அடுப்பங்கரைத் தொட்டியில் கழுவாதீர்கள், சைஃபன் ட்யூபை வாயால் உறிஞ்சாதீர்கள்.

பிறகு சேர்த்தது

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டவை இவை.

உடம்பில் வெள்ளையாகச் சவ்வு மாதிரித் தொங்குகிறது, பூஞ்சையா? பெரும்பாலும் தோல் உரிப்புதான். உரித்துத் தானே தின்றுவிடும். பஞ்சு மாதிரிப் புசுபுசுவென்று ஒரே இடத்தில் ஒட்டியிருந்தாலோ, உடம்பு பலூனாக உப்பினாலோ, காலின் உள்பக்கம் சிவந்தாலோதான் கவலைப்பட வேண்டும். அப்போதும் மீனுக்கு வாங்கிய மருந்தை ஊற்றாதீர்கள். தாமிரம் கலந்த மருந்துகள் தவளைக்கு விஷம். தனித்தொட்டியில் சுத்தமான தண்ணீருக்கு மாற்றிவிட்டு, ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

ராத்திரி தொட்டியிலிருந்து "உர்ர்" என்று சத்தம் வருகிறது, பம்ப் கெட்டுவிட்டதா? இல்லை, ஆண் தவளை பாடுகிறது.

கரண்ட் போனால்? மீன் அளவுக்குப் பதற வேண்டாம், இது காற்றை மேலே வந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் ஸ்பான்ஜில் உள்ள பாக்டீரியாவுக்கு ஓட்டம் வேண்டும். நாலைந்து மணி நேரத்துக்கு மேல் போனால் பேட்டரி ஏர் பம்ப் மாட்டுங்கள்.

நகத் தவளை என்று தெரியாமல் வாங்கிவிட்டேன், பெரிதாகிவிட்டது, நயினார்குளத்தில் விட்டுவிடவா? ஆற்றிலும் விடாதீர்கள், குளத்திலும் விடாதீர்கள். 1930-களில் கர்ப்பப் பரிசோதனைக்கு இந்தத் தவளை உதவும் என்று கண்டுபிடித்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். அப்படிப் போனவை வெளியே தப்பியும், விடப்பட்டும் கலிஃபோர்னியாவிலும் சிலியிலும் நீர்நிலைகளில் பெருகிவிட்டன. தவளைகளை அழிக்கிற கைட்ரிட் பூஞ்சையைத் தான் சாகாமலே சுமந்து திரியவும் இதனால் முடியும். வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், காசு தராவிட்டாலும் பரவாயில்லை. இல்லையென்றால் ஏசி அறை வைத்திருக்கிற வளர்ப்பாளர் யாராவது கிடைக்கிறாரா என்று பாருங்கள்.