பின்யாவ் போகும்போது செய்யக்கூடாத தவறுகள்

போர்ச்சுகலின் டோரு ஆற்றங்கரையில் இருக்கும் பின்யாவ், அரை மணி நேரத்தில் நடந்து முடித்துவிடக்கூடிய சின்ன ஊர். அதனாலேயே, போர்ட்டோ நகரில் அறை எடுத்துக்கொண்டு காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். தவறுகளில் பாதி இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது. ரயிலில் போக சுமார் இரண்டரை மணி நேரம், வர அதே அளவு. நடுவில் கிடைக்கும் நேரத்தில் படகு, தோட்டம், சாப்பாடு மூன்றையும் திணித்தால் எதுவும் மனதில் நிற்காது. பகல் பயணிகள் கிளம்பிப் போனபின், வெயில் தாழ்ந்து, மலைச்சரிவில் படிக்கட்டு போல அமைந்த திராட்சைத் தோட்டங்களின் நிழல் ஆற்றில் விழும் நேரம்தான் இந்த ஊரின் சொத்து. ஓர் இரவு தங்குங்கள்.

ரயிலில் தவறு நடப்பது, இடம் பிடிப்பதில். டோரு பாதையின் ரயில்களில் இருக்கை எண் கிடையாது, முந்தியவருக்கே ஜன்னல். போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள், திரும்பும்போது இடப்பக்கம். தண்டவாளம் ஆற்றின் வடகரையை ஒட்டி ஓடுவதால் தண்ணீர் எப்போதும் தெற்கில்தான் இருக்கும். முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆறே கண்ணில் படாது. ஏமாந்து இடம் மாறிவிடாதீர்கள். நீங்கள் பிடிக்கும் ரயில் போர்ட்டோவின் சாவ் பென்டு நிலையத்திலிருந்தே கிளம்புகிறதா என்று பார்த்து, அப்படியானால் அங்கேயே ஏறிவிடுங்கள். அடுத்து வரும் கம்பன்யாவில் கூட்டம் ஏறும். சில ரயில்கள் வழியில் உள்ள ரெகுவா என்ற ஊரோடு நின்றுவிடும். அங்கே வண்டி மாற வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய நாள் ரயில்வேயின் இணையதளத்தில் ‘கிரெவ்’ என்ற சொல் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். வேலைநிறுத்தம் என்று பொருள். போர்ச்சுகலில் இது அரிதல்ல.

போர்ட்டோவிலிருந்து படகிலேயே போய்விடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அழகான பயணம்தான், ஆனால் ஒரு பகல் முழுவதும் போய்விடும். வழியில் அணைகள் குறுக்கிடுகின்றன. கராபடேலு அணையில் மட்டும் படகை நீர்ப்பூட்டுக்குள் (தண்ணீரை நிரப்பிப் படகை மேலே தூக்கும் அறை) நிறுத்தி சுமார் 35 மீட்டர் உயர்த்துகிறார்கள். ஆற்றைப் பார்க்க மட்டும் ஆசை என்றால், பின்யாவ் துறையில் ஏறும் ஒரு மணி நேரச் சவாரியோ, துவா என்ற ஊர் வரை போய்வரும் இரண்டு மணி நேரச் சவாரியோ போதும். நடுப்பகலில் ஏறாதீர்கள்.

திராட்சைத் தோட்டங்களை அங்கே ‘கின்டா’ என்பார்கள். வாசலில் போய் நின்றால் உள்ளே விடுவார்கள் என்று நம்பிப் போவது, அடிக்கடி நடக்கும் தவறு. அவை முதலில் வேலைத்தலங்கள். குறித்த நேரத்துக்குச் சிறு குழுக்களைத்தான் அழைத்துப் போவார்கள். பல வாரங்களுக்கு முன்பே இணையத்தில் பதிவு செய்யுங்கள், அறுவடை நடக்கும் செப்டம்பரில் என்றால் இன்னும் முன்பே. கார் இல்லாதவர்கள் பொன்ஃபிங் கின்டாவைத் தேர்ந்தெடுக்கலாம், நிலையத்திலிருந்து சில நிமிட நடை. ஒரு நாளைக்கு இரண்டு கின்டாவுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏன் இரண்டு என்றால், அங்கே சுவைக்கத் தரும் ‘போர்ட்’ சாதாரண ஒயின் அல்ல. சாறு பாதி நொதித்த நிலையிலேயே திராட்சைச் சாராயம் கலந்து நொதித்தலை நிறுத்திவிடுகிறார்கள். ஏறக்குறைய 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம் என்பது பழைய கணக்கு. இரண்டும் சேர்ந்த 550 லிட்டர்தான் டோருவின் ஒரு ‘பிப்பா’. நம் ‘பீப்பாய்’ அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். இனிப்பாக இருப்பதால் அதன் வீரியம் தெரியாது, ஆனால் ஆல்கஹால் 19 முதல் 22 விழுக்காடு வரை இருக்கும். போர்ச்சுகலில் ஓட்டுநருக்கான வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவருக்கு 0.2 மட்டுமே. ரெகுவாவிலிருந்து பின்யாவுக்கு ஆற்றை ஒட்டி வரும் என்222 சாலை 27 கிலோமீட்டரும் வளைவுதான். ஒயின் சுவைத்துவிட்டு அதில் வண்டி ஓட்டவே கூடாது. ஓட்டுபவர் சுவைக்காமல் இருக்கட்டும், இல்லையென்றால் டாக்சியை முன்பே பேசி வையுங்கள். பெருநகரம் போல செயலியைத் திறந்தவுடன் கார் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எந்த மாதம் என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு. பகலெல்லாம் சூட்டை வாங்கிய பலகைப் பாறைச் சரிவுகள் இரவிலும் அதை விடுவதில்லை. அந்த வெயிலில் காசால் து லொய்வுஷ் காட்சிமுனைக்கு நடந்து ஏறுவது ஆபத்து. ஏற்றம் செங்குத்து, வழியில் நிழல் குறைவு. பச்சைச் சரிவுகளைப் படத்தில் பார்த்து மயங்கி பிப்ரவரியில் போனால், இலையே இல்லாத கொடிக்கட்டைகளைத்தான் பார்ப்பீர்கள். மே, ஜூன் தொடக்கம், அல்லது இலை சிவக்கும் அக்டோபர் பிற்பகுதி நல்லது.

சைவம் சாப்பிடுபவர்கள் ‘கால்டு வெர்து’ என்ற கீரை சூப்பை நம்பிவிடக்கூடாது. மேலே பன்றித்தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். ‘ஸெங் கார்ன், ஸெங் பெய்ஷ்’ என்று சொல்லுங்கள், இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று புரியும். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிடும். உட்கார்ந்ததும் வைக்கும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி எல்லாவற்றுக்கும் காசு உண்டு. வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பி அனுப்புங்கள்; கேட்காமல் வைத்ததற்குச் சட்டப்படி காசு கேட்க முடியாது. சின்னக் கடைகளில் வெளிநாட்டு அட்டை செல்லாமல் போகலாம், நாற்பது ஐம்பது யூரோ ரொக்கமாக இருக்கட்டும்.

கடைசியாக, ரயில் நிலையம். வண்டி வரும் நேரத்துக்கு ஓடி வந்து ஏறிவிடுகிறார்கள். 1937-இல் பதித்த 24 பீங்கான் ஓட்டுச் சித்திரங்கள் அதன் சுவர்களில் இருக்கின்றன: அணைகள் வருவதற்கு முந்தைய ஆறு, பீப்பாய் ஏற்றிய படகுகள், கூடை சுமக்கும் அறுவடைக்காரர்கள். சில சித்திரங்கள் தெருப்பக்கச் சுவரிலும் உண்டு. திரும்பும் ரயிலுக்கு அரை மணி நேரம் முன்பே வந்து, கட்டடத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.