கடைசிப் பாகம் பிடித்ததா இல்லையா என்றே தெரியவில்லையா? இப்படிச் செய்து பாருங்கள்

ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு கதையோடு கூடவே நடந்துவிட்டு, கடைசிப் பாகத்தை மூடி வைத்ததும் யாராவது "எப்படி இருந்தது?" என்று கேட்டால் வாய் திறக்காது. நன்றாக இருந்தது என்றாலும் முழு உண்மை இல்லை, ஏமாற்றம் என்றாலும் முழு உண்மை இல்லை. பிலிப் புல்மனின் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ வரிசையில் மூன்றாவதான ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’ என்னை அப்படித்தான் நடுவழியில் நிறுத்தியது. அந்தக் குழப்பத்திலிருந்து நான் வெளியே வந்த வழியை, அந்த நூலை வைத்தே சொல்கிறேன். முடிவு முழுவதும் இதில் வந்துவிடும், இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

முடித்த அன்று இரவே எதையும் எழுதாதீர்கள், யாரிடமும் தீர்ப்பு சொல்லாதீர்கள். அன்றைக்கு இருப்பது பிரிவுத் துயரம்தான், அது எந்த நூலுக்கும் வரும். ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் எது தானாக நினைவுக்கு வருகிறது என்று பாருங்கள். எனக்குப் பெரிய போர் வரவில்லை, படகுத்துறைதான் வந்தது. கதையின் நாயகியான சிறுமி லைராவின் உலகத்தில் ஒவ்வொருவருக்கும் உயிரின் ஒரு பாதி விலங்கு உருவில் கூடவே இருக்கும், டீமன் என்பார்கள். மரித்தோர் உலகத்துக்குப் போகும் படகில் அதற்கு இடமில்லை. பிறந்ததிலிருந்து ஒரு நொடியும் பிரியாத தன் டீமன் பான்டலைமனைத் துறையில் தனியாக நிற்க விட்டுவிட்டு அவள் படகில் ஏறுகிறாள், படகு நகர்கிறது. ஒரு வாரம் கழித்தும் அந்த இடம் தொண்டையை அடைத்தது. அப்படி ஒன்று உங்களுக்கும் இருந்தால், அந்த நூல் உங்களை எங்கே தொட்டது என்று தெரிந்துவிட்டது.

இப்போது ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் ‘வலித்தது’, மறுபக்கம் ‘உறுத்தியது’. நம் குழப்பத்தில் பெரும்பங்கு இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பிசைவதால் வருவதுதான். ஒரு பாத்திரம் இறந்ததற்காக அழுதுவிட்டு, அந்த அழுகையையே நூலின் குறையாக எழுதிவிடுகிறோம். வேறோர் உலகத்துச் சிறுவன் வில் (Will), லைரா நேசிப்பவன்; அவனும் அவளும் பிரிவது முதல் பக்கத்துக்குப் போகும். லைராவைக் கொல்ல அனுப்பப்பட்ட பாதிரியார் கோமெஸ் பல அத்தியாயங்கள் துரத்திக்கொண்டே வந்து, கடைசியில் அவளை நெருங்குவதற்கு முன்பே பால்தமாஸ் என்ற தேவதையால் வீழ்த்தப்படுகிறாரே, அது இரண்டாம் பக்கம். தனக்கு அப்படி ஓர் ஆபத்து வந்ததே லைராவுக்குத் தெரியாது. அவ்வளவு நேரம் கட்டிய பதற்றம் அவளைத் தொடாமலே போனது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை, கொஞ்சம் நேரமும் எடுக்கும். உங்களை மிகவும் வருத்திய முடிவு எதுவோ, அதற்கான விதை முந்தைய பாகங்களில் எங்கே இருக்கிறது என்று பின்னோக்கித் தேடுங்கள். வில்லும் லைராவும் ஏன் சேர்ந்து வாழ முடியாது? ஒன்று, பிறந்த உலகத்தை விட்டு வேறு உலகத்தில் அதிக காலம் வாழ்பவர் நலிந்து இறந்துபோவார். இரண்டு, மாயக் கத்தியால் உலகங்களுக்கு இடையே வெட்டிய சன்னல்களையெல்லாம் அடைத்தாக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு முறை வெட்டும்போதும் மனிதரின் உள்ளத்தைத் தின்னும் ஒரு ஸ்பெக்டர் பிறக்கிறது. மரித்தோர் வெளியேறுவதற்கு ஒரே ஒரு சன்னல் மட்டும் திறந்திருக்கலாம். முதல் காரணத்தின் விதை 1997இல் வந்த இரண்டாம் பாகத்திலேயே இருக்கிறது: வில்லின் தந்தை வேற்று உலகத்தில் வாழ்ந்து, உடல் நலிந்த மனிதராகத்தான் நமக்கு அறிமுகமாகிறார். கத்தியைப் பற்றியும், மூன்றாம் பாகத்தில் அது உடைந்து ஒட்டப்படும்போதே, நமக்குத் தெரியாத நோக்கமும் அதற்கு உண்டு என்று கவசக் கரடி யோரெக் எச்சரிக்கிறது. ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு ஸ்பெக்டர் என்ற கணக்கை, கடைசி நேரத்தில் வாய்ப்பேச்சாகத்தான் நாம் தெரிந்துகொள்கிறோம். அங்கே கதாசிரியரின் கை வெளியே தெரிகிறது. ஆகவே என் தாளில் பிரிவு ‘வலித்தது’ பக்கத்திலும், அதற்குச் சொன்ன இரண்டாவது காரணம் ‘உறுத்தியது’ பக்கத்திலும் இருக்கின்றன. ஒரே முடிவு இரண்டு பக்கமும் வரலாம், அதில் தப்பே இல்லை.

அப்புறம், படிப்பதற்கு முன் எதை எதிர்பார்த்தீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். நான் கடவுளோடு நேருக்கு நேர் ஒரு மோதலை எதிர்பார்த்தேன். நூலில் வருவதோ பளிங்குப் பல்லக்குக்குள் அடைபட்ட, எழக்கூட வலுவில்லாத ஒரு கிழவர். அவர் யாரென்றே தெரியாமல் இரண்டு பிள்ளைகளும் அவரை வெளியே இறங்க உதவுகிறார்கள், அவர் காற்றில் கரைந்துபோகிறார். முதல் வாசிப்பில் ‘இவ்வளவுதானா’ என்று கோபம் வந்தது. திரும்பப் படித்தபோது, கருணையோடு நீட்டிய கையில் அவர் கரைவதுதான் அந்த நூல் சொல்ல வந்ததற்குப் பொருத்தம் என்று பட்டது, தாளில் அந்த வரியை அடித்துவிட்டேன். கோமெஸ் வரியை அடிக்கவில்லை.

மற்றவர்கள் சொல்வதை இந்தக் கட்டத்துக்குப் பிறகு படியுங்கள், முன்னால் வேண்டாம். இந்த நூல் பிரிட்டனின் இலக்கிய விருதான விட்பிரெட்டின் 2001ஆம் ஆண்டுக்கான தேர்வில் ஆண்டின் சிறந்த நூலாகத் தேர்வானது, சிறுவர் நூல் ஒன்றுக்கு அந்தப் பெருமை கிடைத்தது அதுவே முதல் தடவை. தகுதியான விருதுதான். அதற்காக உங்கள் உறுத்தலை விழுங்க வேண்டியதில்லை.

சரி, கடைசியாக, இறுதி அத்தியாயத்தை மட்டும் மெதுவாக, முடிந்தால் வாய்விட்டு, திரும்பப் படியுங்கள். ஆக்ஸ்போர்டு தாவரவியல் பூங்காவில் ஒரு மர பெஞ்சு, அவள் உலகத்திலும் உண்டு, அவன் உலகத்திலும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை நடுக்கோடை நாளில், நண்பகலில், இருவரும் அவரவர் உலகத்தில் அங்கே வந்து உட்காரலாம் என்கிறாள் லைரா. பார்க்க முடியாது, பேச முடியாது, பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். அந்தப் பெஞ்சு நிஜமாகவே அந்தப் பூங்காவில் இருக்கிறது, வாசகர்கள் அதில் இருவர் பெயரையும் கீறி வைத்திருக்கிறார்கள்.

லைரா வளர்ந்த பிறகான கதையை 2019இலும் 2025இலும் வந்த நூல்களில் புல்மன் தொடர்ந்திருக்கிறார். அவற்றை எடுக்கலாமா என்றால் எடுக்கலாம், ஆனால் உடனே வேண்டாம். அதற்கு முன் உங்கள் தாளில் தேதி போட்டு, மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்துக்குள் மடித்து வையுங்கள். அடுத்த முறை படிக்கும்போது எந்த வரியை அடிக்கத் தோன்றுகிறது என்று பார்க்கலாம்.