ஸ்மார்ட் டிவி, கேமரா, ஸ்பீக்கர்: நம் வீட்டு விஷயம் வீட்டோடு இருக்க ஒரு மாலை வேலை

போன தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் புது ஸ்மார்ட் டிவி வாங்கினோம். மாட்ட வந்த தம்பி சுவரில் துளை போட்டு, டிவியைப் பொருத்தி, ரிமோட்டைக் கையில் எடுத்தார். திரையில் வரிசையாக நான்கைந்து பக்கங்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் 'அக்ரீ', 'அக்ரீ' என்று அழுத்திக்கொண்டே போனார். பத்து நொடிகூட ஆகவில்லை. எதற்குச் சம்மதித்தோம் என்று அம்மாவுக்கும் தெரியாது, பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியாது. அன்று இரவு எல்லோரும் தூங்கப் போன பிறகு அந்தப் பக்கங்களைத் தேடித் திறந்து படித்தேன். திரையில் என்ன ஓடுகிறது என்று அடையாளம் கண்டு நிறுவனத்துக்கு அனுப்ப ஒரு ஒப்புதல், அதை வைத்து விளம்பரம் காட்ட இன்னொன்று, ரிமோட்டில் பேசும் குரலை எடுத்துக்கொள்ள மூன்றாவது. காலையில் அம்மா கேட்கும் சுப்ரபாதம் முதல் இரவு பார்க்கும் சீரியல் வரை யாரோ குறித்துக்கொள்ள நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் நான் செய்துகொடுக்கும் வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கணினி அறிவு தேவையில்லை. ரிமோட்டும் போனும் பழக்கமாக இருந்தால் போதும். இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

படி 1: பேப்பரும் பேனாவும்

வீட்டை ஒரு சுற்று சுற்றி, வைஃபையில் இணைந்திருக்கும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். டிவி, கேமரா, ஸ்பீக்கர் உடனே நினைவுக்கு வரும். ஏசி, வாஷிங் மெஷின், ஃபேன், பல்பு, ஸ்மார்ட் பிளக், தரை துடைக்கும் ரோபோ, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி, பிள்ளைகளின் பொம்மை ஆகியவைதான் விட்டுப்போகும்.

எழுதியதில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வி: இணையம் இல்லாவிட்டாலும் இது தன் வேலையைச் செய்யுமா? வாஷிங் மெஷினுக்குத் தண்ணீரும் கரண்டும் இருந்தால் துணி வெளுக்கும். ஃபிரிட்ஜுக்கு வைஃபை எதற்கு? ஏசிக்கு ரிமோட் இருக்கிறது. கடைக்காரர் காட்டிய ஆசைக்கு ஆப்பை ஒருமுறை இறக்கி இணைத்திருப்போம், அப்புறம் திறந்தே பார்த்திருக்க மாட்டோம். அப்படிப்பட்டவற்றை இன்றைக்கே துண்டித்துவிடுங்கள். கருவியின் வைஃபை செட்டிங்கில் 'ஃபர்கெட் நெட்வொர்க்' இருந்தால் அதை அழுத்துங்கள், இல்லாவிட்டால் நெட்வொர்க் ரீசெட் செய்யுங்கள். ஆப்பிலும் அந்தக் கருவியையும் கணக்கையும் நீக்கிய பிறகே ஆப்பைப் போனிலிருந்து எடுங்கள். ஆப்பை மட்டும் எடுத்தால் கணக்கும் பழைய தகவலும் அவர்களிடமே இருக்கும்.

என்னைக் கேட்டால், இந்த முதல் படிக்குக் கிடைக்கும் பலன் வேறு எந்தப் படிக்கும் கிடையாது. இணைப்பே இல்லாத கருவி எதையும் அனுப்ப முடியாது.

படி 2: டிவி

அதிக நேரம் இதற்குத்தான் வேண்டும். டிவிக்குள் ஏசிஆர் என்று ஒரு வசதி இருக்கிறது. 'ஆட்டோமேட்டிக் கன்டென்ட் ரெகக்னிஷன்' என்பதன் சுருக்கம். திரையில் தெரியும் படத்தையோ ஒலியையோ அவ்வப்போது மாதிரி எடுத்து, கைரேகை போல ஒரு அடையாளமாக மாற்றி, நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிடும். நீங்கள் எந்தச் சேனலில் எந்த நிகழ்ச்சியை எத்தனை நிமிடம் பார்த்தீர்கள் என்பது அப்படியே தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் இப்படி நொடிக்கு நொடி தகவல் திரட்டி, உரிமையாளர்களுக்குத் தெரியாமல் விற்றது என்று அந்நாட்டின் வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். கேபிள், டிவிடி என்று எந்த வழியாகப் படம் வந்தாலும் அந்த டிவிகள் குறித்துக்கொண்டன. 2024-ல் லண்டன், கலிபோர்னியா, மாட்ரிட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம்சங், எல்ஜி டிவிகளைச் சோதித்தார்கள். எல்ஜி 15 நொடிக்கு ஒருமுறையும் சாம்சங் நிமிடத்துக்கு ஒருமுறையும் இந்த அடையாளங்களை அனுப்பின. எச்டிஎம்ஐ கேபிளில் லேப்டாப்பை இணைத்து, டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்தியபோதும் அனுப்பின. மகளின் ஆன்லைன் வகுப்பையோ குடும்பப் புகைப்படங்களையோ அப்படிப் பெரிய திரையில் போட்டுப் பார்க்கும் வீடு எத்தனை!

நல்ல செய்தியும் அதே ஆய்வில் இருக்கிறது: செட்டிங்கில் மறுத்துவிட்டால் இந்த அனுப்பல் நின்றுபோனது. ஆக, ரிமோட்டை எடுங்கள்.

சாம்சங் டிவியில் செட்டிங்ஸுக்குள் 'டெர்ம்ஸ் அண்ட் பிரைவசி' அல்லது 'பிரைவசி சாய்ஸஸ்' என்ற பகுதிக்குப் போங்கள். 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்' என்பதில் இருக்கும் டிக்கை எடுங்கள். அதற்குக் கீழேயே விளம்பரத்துக்கும் குரலுக்கும் தனித்தனி ஒப்புதல்கள் இருக்கும், அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

எல்ஜி டிவியில் 'ஜெனரல்', 'சிஸ்டம்', 'அடிஷனல் செட்டிங்ஸ்' என்று உள்ளே போனால் 'லைவ் பிளஸ்' என்று ஒன்று தென்படும். அதை அணையுங்கள். பிறகு 'யூசர் அக்ரிமென்ட்ஸ்' பக்கத்தில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன்' ஒப்புதலையும் திரும்பப் பெறுங்கள்.

சோனி, டிசிஎல், ஷாவ்மி போன்ற பல டிவிகளில் ஓடுவது கூகுள் டிவி அல்லது ஆண்ட்ராய்டு டிவி. அங்கே 'பிரைவசி' பகுதியில் 'யூசேஜ் அண்ட் டயக்னாஸ்டிக்ஸ்' என்பதை அணையுங்கள். 'ஆட்ஸ்' பகுதியில் விளம்பர அடையாள எண்ணை அழிக்க வழி இருக்கும். இத்தோடு நிறுத்த வேண்டாம். டிவி தயாரித்த நிறுவனத்துக்கென்று தனி ஒப்புதல் பக்கமும் இருக்கலாம், தேடிப் பாருங்கள். ஃபயர் டிவி ஸ்டிக் இருந்தால் 'பிரிஃபரன்சஸ்' உள்ளே 'பிரைவசி செட்டிங்ஸ்' பக்கத்தில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக அணைக்கலாம்.

மாடலுக்கு மாடல் பெயர் மாறும். 'வியூயிங்', 'இன்ட்ரஸ்ட் பேஸ்டு', 'பெர்சனலைஸ்டு' என்ற சொற்கள் எங்கே தென்பட்டாலும் நின்று படியுங்கள். டிவி வழக்கம்போல ஓடும். 'உங்களுக்காக' என்று காட்டும் பரிந்துரைகள் மட்டும் கொஞ்சம் பொதுவாகிவிடும். பெரிய அப்டேட் வந்த பிறகு ஒருமுறை திரும்பப் பார்ப்பது அவசியம். புது ஒப்பந்தப் பக்கம் வரும், அவசரத்தில் வீட்டில் யாராவது அழுத்திவிடுவார்கள்.

செட்டாப் பாக்ஸில் மட்டும் படம் பார்க்கும் பெரியவர்கள் வீட்டில் டிவியை வைஃபையில் இணைக்கவே வேண்டாம். யூடியூப் வேண்டும் என்பதால் அம்மா வீட்டில் அது முடியவில்லை.

படி 3: பேசும் ஸ்பீக்கர்

அலெக்சா, கூகுள் போன்ற ஸ்பீக்கர்கள் தங்களை அழைக்கும் சொல்லுக்காகக் காத்திருந்து, அதற்குப் பிறகு கேட்பதைத்தான் நிறுவனத்துக்கு அனுப்புகின்றன. சில சமயம் நம் பேச்சில் வரும் வேறு ஏதோ சொல்லை அழைப்பு என்று தவறாக எடுத்துக்கொண்டு பதிவு செய்துவிடும். குழந்தைகளின் குரல் பதிவுகளைக் காலவரையின்றி வைத்திருந்ததாகவும், பெற்றோர் அழிக்கச் சொன்னதை முழுதாகச் செய்யவில்லை என்றும் அமேசான் மீது 2023-ல் அமெரிக்க அரசு நடவடிக்கை எடுத்தது. அபராதம் 2.5 கோடி டாலர்.

அலெக்சா ஆப்பில் 'மோர்', பிறகு 'அலெக்சா பிரைவசி', அதற்குள் 'மேனேஜ் யுவர் அலெக்சா டேட்டா' என்று போங்கள். பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று கேட்கும் இடத்தில், சேமிக்கவே வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் என்றால் உங்கள் கூகுள் கணக்கின் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' பக்கத்தில் குரல் பதிவுக்கான டிக்கை எடுத்துவிட்டு, பழையவற்றை அழியுங்கள். அழிப்பதற்கு முன்னால் இரண்டு பதிவுகளைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். நம் வீட்டுக் குரலை அப்படிக் கேட்பது ஒரு மாதிரி இருக்கும்.

மைக்கை அணைக்க ஸ்பீக்கரிலேயே பட்டன் உண்டு. அணைத்தால் எக்கோவில் (அலெக்சா இருக்கும் அமேசான் ஸ்பீக்கர்) சிவப்பு விளக்கு எரியும். பணம், உடல்நலம், சம்பந்தம் பேசும் நேரத்தில் அழுத்தினால் போதும். இன்னும் சுலபமான வழி நம் சுவரிலேயே இருக்கிறது. நம் ஊர் பிளக் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே சுவிட்ச் உண்டல்லவா, அதை ஆஃப் செய்யுங்கள். படுக்கை அறையில் மட்டும் இதை வைக்காதீர்கள்.

படி 4: கேமரா

ஒரு கருவியைப் பற்றி எனக்கு உண்மையில் பயம் என்றால் அது கேமராதான். திருட்டுப் பயத்துக்காக மாட்டுகிறோம், சரி. அது வாசலைப் பார்க்கட்டும். ஹாலையும் சமையலறையையும் பார்க்க வேண்டியதில்லை. எதிர் வீட்டுத் திண்ணையும் அதில் விழ வேண்டாம், அது அவர்கள் வீடு. உள்ளே வைத்தே ஆக வேண்டும் என்றால், யாராவது வீட்டில் இருக்கும்போது சுவிட்சை அணைத்து வையுங்கள்.

முதல் வேலை பாஸ்வேர்டு. 2016-ல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. அக்டோபர் 21-ம் தேதி அந்தப் படையை ஏவி நடத்திய தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்பட பல தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. மிராய் கையில் இருந்தது 60 சொச்சம் பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள்தான். 'அட்மின்', '12345' வகை. உங்கள் ரெக்கார்டரில் இன்னும் அதுதான் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மாட்டிக் கொடுத்த ஆள் எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு போடுவது நம் ஊரில் வழக்கம்.

அடுத்து, ஆப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். பாஸ்வேர்டு கசிந்தாலும் உங்கள் போனுக்கு வரும் எண் இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது. வீடியோவை கிளவுடில் வைக்காமல் கேமராவில் மெமரி கார்டு போட்டுச் சேமியுங்கள். கிளவுடில் இருப்பதை நிறுவனத்துக்குள் இருப்பவர்களே பார்த்த கதை உண்டு. ரிங் நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளர் வீட்டு வீடியோக்களைப் பார்க்க முடிந்தது என்ற வழக்கில் 2023-ல் அந்த நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்டியது. கேமராவில் ஒலிப்பதிவையும் அணைத்துவிடுங்கள், வாசல் காட்சிக்கு ஒலி வேண்டியதில்லை.

ரோபோ வேக்குவமும் இந்த இனம்தான், பலவற்றில் கேமரா இருக்கிறது. ரூம்பா என்ற ரோபோ வேக்குவத்தின் சோதனை மாதிரிகள் 2020-ல் எடுத்த படங்களில், கழிவறையில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் படமும் இருந்தது. படங்களுக்குப் பெயரிடும் வேலைக்காக அவை வெனிசுவேலாவில் இருந்த தொழிலாளர்களுக்குப் போய், அங்கிருந்து சமூக ஊடகக் குழுக்களில் பரவின. அந்த வீட்டார் சோதனைக்குச் சம்மதித்தவர்கள்தான். ஆனால் இப்படி ஒரு பார்வைக்கு யார் சம்மதிப்பார்? புதிதாக வாங்குவதென்றால் கேமரா இல்லாமல் லேசரில் வழி கண்டுபிடிக்கும் மாடலைக் கேளுங்கள்.

படி 5: ரவுட்டர்

போன் பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். ஜியோ ஃபைபர் என்றால் 192.168.29.1. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். உள்ளே போனதும் அந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்து, படி 1-ல் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். தாளில் இல்லாதது ஏதாவது இருந்தால் என்னவென்று கண்டுபிடியுங்கள். யாருடையது என்றே தெரியாவிட்டால் வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

'கெஸ்ட் நெட்வொர்க்' (விருந்தாளிகளுக்கான தனி வைஃபை) வசதி இருந்தால் ஆன் செய்து, கேமரா, பல்பு, பிளக் எல்லாவற்றையும் அதில் போடுங்கள். போனும் லேப்டாப்பும் பழைய நெட்வொர்க்கிலேயே இருக்கட்டும். கேமராவை யாராவது கைப்பற்றினாலும் உங்கள் லேப்டாப் பக்கம் வர வழியிருக்காது. இந்தக் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் மட்டுமே இணையும், கெஸ்ட் நெட்வொர்க்கை அதில் அமையுங்கள். போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்பும் பழக்கம் இருந்தால் டிவியை மட்டும் போன் இருக்கும் நெட்வொர்க்கில் விடுங்கள்.

கொஞ்சம் துணிவிருந்தால் டிவியின் நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ் (இணையதளப் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியை 94.140.14.14 என்று மாற்றலாம். இது ஆட்கார்டு நிறுவனத்தின் இலவச சேவை, தெரிந்த பல விளம்பர, வேவு முகவரிகளைத் தடுக்கும். ஏதாவது ஆப் திறக்க மறுத்தால் பழையபடி 'ஆட்டோமேட்டிக்' என்று வைத்துவிடுங்கள்.

படி 6: போனில் இருக்கும் ஆப்புகள்

பல்பை எரிய வைக்கும் ஆப்புக்கு உங்கள் தொடர்புப் பட்டியல் எதற்கு? ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'பர்மிஷன் மேனேஜர்' திறந்து லொகேஷன், கான்டாக்ட்ஸ், மைக்ரோஃபோன் மூன்றையும் பாருங்கள். முதன்முறை இணைக்கும்போது சில ஆப்புகள் லொகேஷன் கேட்கும், வைஃபையைத் தேட அது தேவைப்படலாம். இணைத்து முடித்ததும் திரும்ப எடுத்துவிடுங்கள்.

படி 7: வீட்டுக்கு வருபவர்களும், வீட்டை விட்டுப் போகும் கருவிகளும்

வேலைக்கு வரும் அக்காவிடமும், தங்க வரும் உறவினரிடமும் கேமரா எங்கே இருக்கிறது, எது பதிவாகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் அந்தரங்கத்துக்காக இவ்வளவு மெனக்கெடும் நாம் அவர்களுடையதை மறப்பது நியாயமில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் சொன்னபோது அது அந்த அக்காவுக்கும் சேர்த்துத்தான்.

பழைய டிவியையோ ஸ்பீக்கரையோ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன், 'ஃபேக்டரி ரீசெட்' செய்யுங்கள். யூடியூப் கணக்கு, வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. பிறகு போன் ஆப்பிலும் கூகுள் அல்லது அமேசான் கணக்கிலும் கருவிகள் பட்டியலைத் திறந்து அதன் பெயரை நீக்குங்கள். கேமரா என்றால் மெமரி கார்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் பெட்டியைக் கொடுங்கள்.