ஒரு 'ப்' செய்யும் வேலை

யார் எழுதியதைப் படித்தாலும் பிழைதான் முதலில் என் கண்ணில் படும். 'முயற்சிக்கிறேன்' என்று பார்த்தால் போதும், 'முயல்கிறேன்' என்று மனசுக்குள் திருத்திக்கொண்டிருப்பேன். நெருங்கிய தோழியின் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன். அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்ற வரி இரண்டாம் முறை படித்தபோதுதான் மனதில் ஏறியது. அன்று ரொம்ப வருத்தமாகிவிட்டது.

அதிலிருந்து முதல் வாசிப்பு விஷயத்துக்கு மட்டும். பிழையைக் கேட்டால்தான் சொல்வேன், அதுவும் தனியாக. பொருளே மாறும் இடம் என்றால் மட்டும் கேட்காமலே சொல்லிவிடுவேன். 'தந்த பலகை' என்றால் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் செய்தது. ஒரு 'ப்' செய்யும் வேலை அது!

அப்புறம் என் எழுத்தைப் பார்த்தேன். ஒற்றில், அதாவது இரு சொற்களுக்கு நடுவே வரும் க், ச், த், ப் எழுத்துகளில், எனக்கும் தடுமாற்றம் இருந்தது. ஐ, கு உருபுகளுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: 'பாடத்தைப் படித்தேன்', 'வீட்டுக்குப் போனேன்'. இந்த ஒரு விதியை மட்டும் ஒரு மாதம் பார்த்துப் பார்த்து எழுதினேன். பாதிப் பிழை போய்விட்டது. இப்போது ல, ள, ழ. வாய்விட்டுப் படித்தால் சட்டென்று பிடிபடுகிறது.