குழந்தைகள் வரைந்த படங்கள்: ஊக்கப்படுத்துவதிலும் பாதுகாப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகள் நான்கு வயதில் ஒரு பஸ் வரைந்தாள். வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாததெல்லாம் அதில் தெரிந்தது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கால்கள், பாட்டியின் பை, பைக்குள் இரண்டு வாழைப்பழம். இது காலத்துக்கும் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு, தெருமுனைக் கடையில் லேமினேட் செய்யக் கொடுத்தேன். கிரேயான் என்பது மெழுகு. லேமினேஷன் இயந்திரத்தின் உருளைகள் 100 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக இருக்கும். அந்த மெழுகோ 60 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். வெளியே வந்தபோது பஸ்ஸின் சிவப்பு பாட்டியின் முகத்தில் வழிந்திருந்தது. ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்கவும் வழியில்லை. தவறு முழுக்க என்னுடையது.

அன்றிலிருந்து, குழந்தைகளை வரைய வைப்பதிலும் வரைந்ததை எடுத்து வைப்பதிலும் நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் தவறுகளைக் கவனித்து வருகிறேன். படம் நம் கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கிறோம். குழந்தை அதில் என்ன சொல்கிறது என்று கேட்க மறந்துவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இரண்டு மலை, நடுவில் சூரியன்

"ஒரு சீனரி வரை" என்று எந்தக் குழந்தையிடமும் சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை, வானத்தில் டிக் அடித்தது போல நாலு பறவை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மலையே இல்லாத தஞ்சாவூர் ஜில்லாவிலும் பிள்ளைகள் இதையேதான் வரைகிறார்கள். யாரோ பெரியவர் ஒருமுறை கையைப் பிடித்து வரைந்து காட்டியிருப்பார். அப்புறம் அந்தக் குழந்தைக்குத் தன் வாசலில் நிற்கும் பூவரச மரம் படத்துக்கு ஆகாத பொருளாகிவிடுகிறது.

திருத்துவதும் இதே வகைதான். "பஸ்ஸுக்குள்ள இருக்கிறது வெளிய தெரியுமா?" "கை ஏன் தலையிலேர்ந்து முளைச்சிருக்கு?" ஒன்றரை, இரண்டு வயதில் கிறுக்கல், மூன்றை ஒட்டி வட்டம், பிறகு அந்த வட்டத்துக்கே கண்ணும் காலும் வைத்து ஒரு மனிதர், உடம்பு இருக்காது. ஐந்து, ஆறு வயதில் தாளின் மேல் ஓரத்தில் ஒரு நீலப் பட்டை வானமாகும், கீழே ஒரு பச்சைப் பட்டை தரையாகும், நடுவில் வெற்றிடம். பல நாட்டுக் குழந்தைகளின் படங்கள் சுமார் 10 லட்சத்தைச் சேகரித்த அமெரிக்கரான ரோடா கெல்லாக், ஆரம்பக் கிறுக்கல்களும் வடிவங்களும் எங்கும் ஒன்றுபோலவே இருப்பதைக் கண்டார். ரஷ்யாவின் நோவ்கரோத் நகரில் 1956இல் தோண்டியபோது, 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓன்ஃபிம் என்ற சிறுவன் பிர்ச் மரப்பட்டையில் கீறிய படங்கள் கிடைத்தன. ஆறேழு வயது இருக்கலாம் என்கிறார்கள். குதிரைமேல் ஒரு வீரன், பக்கத்தில் தன் பெயர். அவன் வரைந்த மனிதர்களின் கைகள் மண்வாரி போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. விரல்களின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுகிறது. எழுநூறு ஆண்டு கழித்தும் நம் வீட்டுப் பிள்ளைகள் இதையேதான் வரைகிறார்கள். பிழை என்று நாம் நினைப்பது வளர்ச்சியின் ஒரு படி. அவசரப்பட்டுத் தாண்ட வைக்க வேண்டாம்.

உதவி செய்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், வரைந்து காட்டாதீர்கள். வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். மரத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். மார்கழியில் கோலம் போடும்போது உங்கள் புள்ளிகளுக்குள் அவளை அடைக்காமல், வாசலில் ஒரு மூலையை அவளுக்கென்று விட்டுவிடுங்கள்.

சாக்லேட்டும் 'சூப்பர்'ரும்

1973இல் வெளியான ஓர் ஆய்வு இது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில், வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத நேரத்தில் பார்த்தால், அந்தப் பிரிவினர் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழ பாதிதான். முன்பே சொல்லாமல், வரைந்த பிறகு பரிசு கொடுக்கப்பட்ட இன்னொரு பிரிவினருக்கு ஆசை குறையவில்லை. பரிசைக் காட்டி வரைய வைத்ததில்தான் கெடுதல் இருந்தது. "ஒரு படம் வரைஞ்சு முடி, சாக்லேட் தரேன்" என்று சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எட்டிக்கூடப் பார்க்காமல் "சூப்பர்!" என்று சொல்வதும் குழந்தைக்குத் தெரிந்துவிடும். "என்ன இது?" என்று கேட்டால், அது என்னவென்று புரியவில்லை என்று நாம் சொன்னதாக ஆகிறது. "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேளுங்கள். கதை வரும். வந்ததும், அவள் சொன்ன சொற்களையே தாளின் பின்பக்க ஓரத்தில் எழுதிவையுங்கள், தேதியும் வயதும் சேர்த்து. அழுத்தாமல், பென்சிலால். பால்பாயிண்ட் பேனாவின் தடம் முன்பக்கம் தெரியும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். பத்து வருடம் கழித்து ஒரு ஊதா வட்டம் என்னவென்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

விலை உயர்ந்த டிராயிங் நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு "பேப்பரை வீணாக்காதே" என்று பக்கத்தில் நிற்பதை விட, பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் நல்லது. வாடகை வீட்டுச் சுவர் என்று பயமா? குழந்தையின் உயரத்துக்கு ஒரு பிரவுன் ஷீட் ஒட்டிவிடுங்கள். சிலேட்டும் பலப்பமும் இன்றைக்கும் கடையில் கிடைக்கின்றன.

எடுத்து வைக்கும்போது

நம் ஊரின் வெயிலும் ஈரமும் தாளுக்கு ஆகாதவை. பரணில் போடுவது முதல் தவறு. மேல்தளம் மொட்டைமாடியாக இருந்தால் சித்திரையில் அங்கே தாள் காய்ந்து பழுப்பேறி நொறுங்கும். பீரோவின் கீழ்த்தட்டும் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இடுப்புக்கு மேலே, வெளிச்சுவரை ஒட்டாத ஓர் அலமாரித் தட்டு போதும்.

சுருட்டி ரப்பர் பேண்ட் போடாதீர்கள். வெயில் காலத்தில் ரப்பர் இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டேப்ளர் பின்னும் ஜெம் கிளிப்பும் ஐப்பசி மழைக்குத் துருப்பிடிக்கும். கிழிசலுக்கு ஒட்டும் செல்லோ டேப், சில வருடத்தில் மஞ்சளாகி, பசை தாளுக்குள் இறங்கி, அழியாத கறையாகிவிடும். மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றைப் பின்பக்கம் கோதுமை மாவுப் பசையால் ஒட்டுவது மேல். பசையை மட்டும் மெலிதாகத் தடவி, நன்றாகக் காய விடுங்கள். மிஞ்சிய மாவு இராமபாணப் பூச்சிக்குச் சாப்பாடு.

பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போடுகிறோம். குழந்தை கைபடும் இடத்தில் அது கூடவே கூடாது. மிட்டாய் என்று நினைத்து வாயில் போடும் ஆபத்து உண்டு. அதில் இருக்கும் நாஃப்தலீன் சில குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துச் சிறு துணி முடிச்சுகளாகச் சுவடிகளுக்கு இடையே வைப்பது வழக்கம். கற்பூரமும் குழந்தை வாய்க்குப் போகக்கூடாத பொருள்தான் என்பதால், நான் வெறும் வசம்புப் பொடியைத் துணியில் கட்டி, எட்டாத உயரத்தில் வைக்கிறேன்.

சுவரில் மாட்டுவது நல்ல பழக்கம். வெயில் படும் சுவர் மட்டும் வேண்டாம். ஸ்கெட்ச் பேனாவின் சாயம் சில மாதத்திலேயே வெளிறிவிடும்; கிரேயான் அவ்வளவு சீக்கிரம் வெளிறாது. ஆயில் பேஸ்டல் முழுதாகக் காய்வதே இல்லை, ஆகவே படத்துக்கும் படத்துக்கும் நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள். பருப்பும் அரிசியும் ஒட்டிச் செய்தவற்றில் வண்டு வரும். போட்டோ எடுத்துக்கொண்டு விடைகொடுத்துவிடலாம்.

எப்போதாவது கட்டு நனைந்துவிட்டால், ஈரத்தோடு பிரிக்காதீர்கள், கிழியும். வெயிலில் போடவோ இஸ்திரி போடவோ வேண்டாம். இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடித்துவிடலாம். அதனால் தனித்தனியாக வருபவற்றை உடனே துணிமேல் பரப்பி மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். நேரமில்லையென்றால் கட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். ஆவணக் காப்பகங்களிலும் நனைந்த தாள்களை இப்படி உறைய வைப்பதுண்டு.

போட்டோவுக்கு ஜன்னல் வெளிச்சம் போதும். ஃபிளாஷ் வேண்டாம், நேர்மேலிருந்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியைப் பத்திரப்படுத்தினதாக நினைக்காதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். ஸ்டேட்டஸில் போடும் முன் வரைந்தவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எதை வைப்பது, எதை விடுவது

தினம் ஒன்று என்றாலும் வருடத்துக்கு 365. எல்லாவற்றையும் குவித்தால் ஒன்றையும் பார்க்க மாட்டோம். அதற்காகக் குழந்தை பள்ளிக்குப் போன நேரம் பார்த்துப் பழைய பேப்பர் கடைக்குப் போடுவது பெரிய தவறு. குப்பைக் கூடையில் தன் படத்தைக் கண்ட பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் போகிக்கு முந்தைய ஞாயிறு, தரையில் எல்லாவற்றையும் பரப்பி இருவரும் உட்காருவோம். வருடத்துக்கு ஒரு ஃபைல், இருபது படம். தேர்வு அவளுடையது. இந்த வருடம் எனக்கு மிகவும் பிடித்த ஒரு மயிலை அவள் ஒதுக்கி வைத்தாள். தோகை அத்தனை ஒழுங்கு, வண்ணம் கோட்டைத் தாண்டவில்லை. ஏன் வேண்டாம் என்று கேட்டேன்.

"அது நீ சொல்லிக் குடுத்து வரைஞ்சதும்மா" என்றாள். சிவப்பு வழிந்த அந்தப் பஸ்ஸை எடுத்து முதல் ஃபைலில் திரும்ப வைத்தாள்.