காலை ஊன்றாமல் புல்லட் ஓட்டுவது: உப்புக்காற்று ஊருக்கு ஒரு ட்ரயல்ஸ் பாடம்

ராமநாதபுரம் கடலோரத்துப் பெரியபட்டினம் பக்கம் பனங்காட்டுக்குள் பழைய புல்லட்டில் எழுந்து நின்றபடி ஆள் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருப்பேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "என்ன தம்பி, வண்டி இழுக்கலையா?" இழுக்கும். மெதுவாகப் போவதுதான் இந்த விளையாட்டே. பெயர் ட்ரயல்ஸ்.

ரேஸ் மாதிரி முந்துவது இதில் கிடையாது. கல், சேறு, மேடு, மரக்கட்டை என்று இருக்கிற ஒரு சின்னப் பாதையைக் கால் தரையில் படாமல் கடக்க வேண்டும். அந்தப் பாதைக்கு செக்‌ஷன் என்று பெயர். ஒரு தடவை கால் ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு தடவைக்கு 2, அதற்கு மேல் எத்தனை தடவை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவர் ஜெயித்தார். ஸ்காட்லாந்தில் ஆறு நாள் நடக்கிற ட்ரயல்ஸ் போட்டி 1909-இல் தொடங்கியது, இன்றைக்கும் நடக்கிறது.

இதற்கென்றே செய்த பழைய வண்டிகளில் ஸ்பெயின் நாட்டு பல்டாக்கோ ஷெர்பாவைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். சாமி மில்லர் அதில்தான் 1965 ஸ்காட்லாந்து போட்டியை ஜெயித்தார். நூறு கிலோவுக்குள் அடங்குகிற வண்டி. நமக்கு அது கிடைக்கப் போவதில்லை, விடுங்கள். ஆனால் உங்கள் தாத்தா காலத்து புல்லட் கொட்டகையில் கிடக்கிறதா? பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் (சக்கரம் மேலும் கீழும் ஆட இடம் தருகிற கை) வைத்த புல்லட், 1948-இல் இங்கிலாந்தில் முதன்முதலாக வெளியே வந்ததே ஒரு ட்ரயல்ஸ் போட்டிக்குத்தான். ஜானி பிரிட்டன் 1952-இலும் 1957-இலும் ஸ்காட்லாந்து போட்டியை புல்லட்டில்தான் ஜெயித்தார். 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு கம்பெனி செய்த வண்டியும் அதே வம்சம்தான். கனம் நூற்று அறுபது கிலோவுக்கு மேல், அது ஒன்றுதான் குறை. பழகுவதற்கு இதுவே தாராளம்.

முதல் படி: கழுவக் கற்றுக்கொள்ளுங்கள்

ஓட்டச் சொல்லித் தருவான் என்று வந்தால் கழுவச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்பு அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. ஸ்போக் கம்பி எம்மாத்திரம்? கீழக்கரையில் என் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் காக்கா (அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்) அடிக்கடி சொல்வார்: "தம்பி, இந்த ஊர்ல வண்டி ஓடிக் கெடுறதில்ல, நின்னுதான் கெடுது."

நம் பக்கத்தில் இன்னொரு வம்பும் உண்டு. கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதைதான். ஊருணித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ இரண்டு குடம் போதும். குடிநீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எஞ்சின் ஆறும்வரை பொறுங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஆகாது. முதல் குடத்தை மேலிருந்து மெதுவாக ஊற்றி மணலை ஓட விடுங்கள். அதற்கு முன்னால் துணி வைத்துத் துடைத்தால் எமரி பேப்பர் போட்டுத் தேய்த்த மாதிரி பெயிண்ட் போய்விடும். இரண்டாவது குடத்துக்கு ஸ்பாஞ்ச். ஸ்போக் ரிம்மில் சேருகிற இடம், மட்கார்டின் உள்பக்கம், சைலன்சரின் அடிப்பக்கம், இந்த மூன்றில்தான் உப்பு ஒளிந்துகொள்ளும். வாட்டர் சர்வீஸில் பீய்ச்சி அடிக்க விடாதீர்கள், வீல் பேரிங்குக்குள் தண்ணீர் இறங்கிவிடும். துடைத்த பிறகு ஐந்து நிமிடம் ஓட்டி, பிரேக்கை இரண்டு தடவை பிடித்து டிரம்மைக் காய விடுங்கள். ஈரத்தோடு நிறுத்தினால் காலையில் ஷூ ஒட்டிக்கொண்டு சக்கரம் சுற்றாது. எனக்கு நடந்திருக்கிறது.

காய்ந்ததும் ஸ்போக், போல்ட் தலை, ஸ்பிரிங் இவற்றின் மேல் எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு. பளபளக்கிற அளவுக்குப் பூசினால் ஆடிக் காற்று அடிக்கிற புழுதி முழுக்க அங்கேதான் குடியிருக்கும். டயரிலும் பிரேக் ஷூவிலும் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது.

அடுத்தது: பாயின்ட், டேப்பட், செயின்

மெதுவாக ஓட வேண்டிய எஞ்சின் மெதுவாகவே நிற்காமல் ஓட வேண்டும். ரோட்டில் வேகமாகப் போகும்போது மறைந்திருக்கிற கோளாறு இங்கே உடனே வெளியே வரும்.

பழைய வண்டியில் கரண்டை வெட்டிவிடுவது பாயின்ட்தான். மூடியைக் கழற்றி, கிக்கரை மெல்ல அழுத்தி, பாயின்ட் முழுதாகத் திறக்கிற இடத்தில் நிறுத்துங்கள். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. முகம் கறுத்திருந்தால் நைஸ் எமரியில் ஒரு தடவை இழுத்து, பெட்ரோல் துணியால் துடையுங்கள். அடிக்கடி கறுத்தால் கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள்.

டேப்பட், அதாவது வால்வைத் திறக்கிற தண்டுகளின் இடைவெளி, பார்ப்பது ஆறிய எஞ்சினில், பிஸ்டன் கம்ப்ரெஷனில் உச்சியில் இருக்கும்போது மட்டும். சிலிண்டரின் வலப்பக்கத்துச் சிறு மூடியைத் திறந்தால் இரண்டு புஷ்ராட் (அந்தத் தண்டுகள்) தெரியும். விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. காக்கா இதைக் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்வார். கண் திறந்திருந்தால் விரல் பொய் சொல்லும் என்பார். நானும் அப்படியே செய்கிறேன், உண்மையாகத்தான் இருக்கிறது.

செயினுக்கு ஒரு அங்குலத் தொய்வு, மணல் ஓட்டத்துக்குப் பிறகு துடைத்துவிட்டு எண்ணெய். ஏர் ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் தட்டிப் பாருங்கள். வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் இருக்கிற எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டேங்க்கை மட்டும் நிறைத்தே வையுங்கள், உள்ளே துரு பிடிக்காது.

டயர் காற்றும் கருவை முள்ளும்

மணலில் டயர் பரந்து படிய வேண்டும், அதனால் காற்றைக் குறைக்க வேண்டும். கனம் குறைந்த ட்ரயல்ஸ் வண்டிகளில் நாலைந்து பி.எஸ்.ஐ. வரைகூட இறக்குவார்கள். புல்லட்டில் அந்த விளையாட்டு வேண்டாம், ரிம் அடிபடும். முன்னும் பின்னும் 15 பி.எஸ்.ஐ. வைத்து ஆரம்பியுங்கள்.

காற்று குறைந்தால் டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகரும், ட்யூபையும் கூடவே இழுத்து வால்வை வேரோடு பிய்த்துவிடும். அதனால் வால்வின் அடி நட்டை ரிம்மோடு சேர்த்து முறுக்காமல் மேலே வால்வு மூடிப் பக்கம் ஏற்றிவிடுங்கள். டயர் நகர்ந்தால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். அப்போதே காற்றை இறக்கி நேராக்கிவிடலாம். கால் பம்பு எப்போதும் கையோடு இருக்கட்டும், தார் ரோட்டில் ஏறும் முன் பழைய அளவுக்குக் காற்று அடித்தாக வேண்டும்.

சீமைக்கருவேல முள்ளுக்கு மருந்து கிடையாது. வெட்டிப் போட்ட மாறு கிடக்கிற வழியில் போகாமல் இருப்பது ஒன்றே வழி.

எங்கே பழகுவது

கடற்கரையில் வேண்டாம். தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமை கரையேறி மணலுக்குள் முட்டை வைக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீர் வற்றிய கண்மாயும், உடையவரிடம் கேட்டுக்கொண்டு பனங்காடும்தான் நமக்கு மைதானம். காய்ந்து வெடித்த கண்மாய்க் களிமண் போல மெதுஓட்டம் கற்றுத்தரும் தரை வேறில்லை.

கழிமுகச் சேற்றை நம்பாதீர்கள். தேவிபட்டினம் பக்கம் ஒருமுறை மேலே வெள்ளையாக உப்புப் பூத்துக் காய்ந்த தரை என்று நினைத்து இறங்கினேன். பத்தடி போனதும் அச்சு வரை புதைந்துவிட்டது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த நாலு பேர் கயிறு கட்டி இழுத்தார்கள். இழுத்து முடித்ததும் அதில் ஒருவர் கேட்டார்: "ஏன் மாப்ளே, ரோடு போட்டுக் கொடுத்திருக்காங்களே, புடிக்கலையா?"

ஸ்டார்ட்டிங்

சாவியைத் திருப்பி ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். கிக்கரைக் கையால் தள்ளுவது போல மெல்ல அழுத்தினால் முள் இடப்பக்கம் போய்ப் போய் நடுவுக்கு வரும். கிக்கர் கெட்டியாகி நிற்கிற இடம் கம்ப்ரெஷன். டிகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுகிற சின்ன லீவர்) பிடித்துக்கொண்டு கிக்கரை ஒரு இம்மி மட்டும் கீழே நகர்த்துங்கள். டிகம்ப்ரஸரை விடுங்கள், கிக்கரை மேலே வர விடுங்கள். அப்புறம் த்ராட்டிலைத் தொடாமல் ஒரே முழு மிதி. கோபத்தில் மிதித்தால் திருப்பி உதைக்கும், கணுக்கால் ஒரு வாரம் பேசும்.

பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில் என்பதை மறக்காதீர்கள். புது வண்டி ஓட்டிப் பழகியவர்கள் முதல் அரைமணி நேரம் இதற்கே செலவழிக்க வேண்டும்.

நிற்பது, திரும்புவது, ஏறுவது

ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நில்லுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும், ஹேண்டில்பாரைத் தொங்குகம்பி போலப் பிடிக்காதீர்கள். கனம் முழுக்கப் பாதத்தில். கிளட்ச்சில் இரண்டு விரல். முதல் கியரில், த்ராட்டிலைத் திறந்தும் திறக்காமலும், நேர்கோட்டில் போங்கள். புல்லட்டின் கனத்த ஃப்ளைவீல் டக் டக்கென்று தானே இழுத்துக்கொண்டு போகும். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் கால் தானாகத் தரைக்கு இறங்கும். பத்தடி தள்ளிப் பாருங்கள்.

நேராகப் போக வந்ததும் இரண்டு பனைகளைச் சுற்றி எட்டு போடுங்கள். ரோட்டில் வண்டியோடு சேர்ந்து சாய்வோம். இங்கே நேர்மாறு. இடப்பக்கம் திரும்பும்போது வண்டியை இடது பக்கம் சாய்த்து, உடம்பை வலது பக்கம் நிறுத்தி, வலது பாதத்தை அழுத்துங்கள். கழுத்து மட்டும் போக வேண்டிய பக்கம் திரும்பட்டும். முதல் நாள் இது வராது. எனக்கு மூன்று வாரம் ஆனது.

மணலுக்கு இரண்டாவது கியர். இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள், முன்சக்கரம் மிதக்கும். ஹேண்டில் கையில் பாம்பு மாதிரி ஆடும், ஆட விடுங்கள். பயத்தில் த்ராட்டிலை மூடினாலோ முன்பிரேக்கைத் தொட்டாலோ முன்சக்கரம் குத்தி நிற்கும், நீங்கள் மட்டும் போய்க்கொண்டிருப்பீர்கள்.

கட்டை ஏறப் பழக ஒரு பனஞ்சட்டம் போதும், முழு மரம் அப்புறம். செங்குத்தாக நேரே வாருங்கள். முன்சக்கரம் தொடுகிற கணத்தில் ஒரு சின்ன த்ராட்டில், அது மேலேறியதும் மூடிவிட்டு, உடம்பை முன்னால் கொண்டுபோங்கள். பின்சக்கரம் பாரமில்லாமல் தானே தாண்டும். பெரிய கட்டைக்குப் போகும் முன் எஞ்சினுக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு போட்டுவிடுங்கள். அடிக்கடி பழகுகிறவர்கள் கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் போட்டால் இன்னும் மெதுவாகப் போகலாம். லைட், சைலன்சர், மட்கார்டைக் கழற்றி ட்ரயல்ஸ் வேஷம் போடுவது மட்டும் வேண்டாம், ரோட்டில் அது சட்டப்படி தப்பு.

புள்ளி போட ஒரு ஆள்

தனியாகப் பழகினால் ஊன்றிய காலை மனசு ஊன்றவில்லை என்றே கணக்கு வைக்கும். அதனால் யாரையாவது நிறுத்துங்கள். நான் கருவைக் குச்சியில் கந்தல் கட்டிப் பாதை போட்டு, அக்கா மகனை நிறுத்தினேன். ஒன்பது வயது. பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டு, பனைமூட்டின் மேல் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது திருப்பத்தில் என் செருப்பு முனை மணலைத் தொட்டது, அவ்வளவுதான்.

"மாமா, ஒண்ணு."

"டேய், அது செருப்புடா, கால் இல்ல."

"செருப்புக்குள்ள என்ன இருக்கு?"

ஒன்று எழுதிவிட்டான். அடுத்த நாள் ஷூ போட்டுக்கொண்டு போனேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டியது. ஹெல்மெட்டும்தான், நடக்கிற வேகமாக இருந்தாலும். நூற்று அறுபது கிலோ சாய்ந்தால் நிமிர்த்த முயலாதீர்கள், விட்டுவிட்டுத் தள்ளிக் குதியுங்கள். கிளட்ச் லீவர் ஒன்று கூடுதலாக வாங்கி வைத்திருங்கள், முதல் மாதத்தில் உடைவது அதுதான்.