சிக்ஸ் பேக் வெளிய தெரியணும்னா என்ன பண்ணணும், எதை விட்டுத்தள்ளணும்

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், வயித்துல தசை இல்லாத ஆளே கிடையாது. விலா எலும்புலேர்ந்து இடுப்பெலும்பு வரைக்கும் முன்பக்கமா நேரா ஓடுற ஒரு ஜோடி தசை இருக்கு, ரெக்டஸ் அப்டாமினிஸ்னு பேரு. நடுவுல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு கோடு, குறுக்க பொதுவா மூணு நார்ப்பட்டை. அந்த பட்டைங்க இழுத்துப் பிடிச்சிருக்கறதால இடைப்பட்ட தசை புடைச்சு கட்டம் கட்டமா தெரியுது, அதைத்தான் நாம பேக்னு சொல்றோம். சிலருக்கு நாலு கட்டம்தான் இருக்கும், சிலருக்கு எட்டு, சிலருக்கு இடதும் வலதும் மட்டம் ஒத்துக்காம ஏறுக்கு மாறா இருக்கும். இதெல்லாம் பிறவியிலயே வர்றது, எந்த எக்சர்சைஸ் பண்ணாலும் நாலை ஆறாக்க முடியாது, அதனால யாரோட போட்டோவையாவது பக்கத்துல வெச்சுக்கிட்டு அதே மாதிரி வரணும்னு உக்காந்தா ஏமாற்றம்தான் மிச்சம்.

அப்போ தசை இருக்கு, ஏன் தெரியல? மேல கொழுப்பு மூடியிருக்கு, அவ்ளோதான். வேலை ரெண்டே ரெண்டு: மேல இருக்கற கொழுப்பை மெலிசாக்கணும், கீழ இருக்கற தசையை தடிமனாக்கணும். முதல் வேலை முழுக்க முழுக்க சாப்பாட்டு பக்கம், ரெண்டாவதுதான் ஜிம் பக்கம். ஆனா எல்லாரும் ரெண்டாவதை பிடிச்சுக்கிட்டு தினமும் நூத்துக்கணக்குல க்ரன்ச் (மல்லாந்து படுத்து தலையையும் தோளையும் மட்டும் சுருட்டி தூக்கறது) அடிச்சிட்டு முதலாவதை கண்டுக்கறதே இல்ல, மாசக்கணக்கா வேர்த்து ஊத்தியும் வயிறு அப்படியே இருக்குதேன்னு புலம்பறதுக்கு காரணமே இதுதான்.

வயித்துக்கு எக்சர்சைஸ் பண்ணா வயித்துக் கொழுப்பு கரையும்னு ஒரு நம்பிக்கை ரொம்ப காலமா சுத்திட்டு இருக்கு. 1984ல இதை நேரடியாவே சோதிச்சு பாத்தாங்க, 27 நாள்ல ஒவ்வொருத்தரையும் மொத்தம் 5004 சிட்-அப் போட வெச்சு, வயிறு, முதுகு, பிட்டம்னு மூணு இடத்துலயும் கொழுப்பு செல்லை ஊசியால எடுத்து அளந்தாங்க. மூணு இடத்துலயும் செல் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் சுருங்கியிருந்துச்சு, வயித்துக்குன்னு தனிச்சலுகை எதுவும் இல்ல. உடம்பு கொழுப்பை எங்கேர்ந்து எடுக்கும்ங்கறதை அதுதான் முடிவு பண்ணும், நாம இல்ல. ஆம்பளைங்களுக்கு பொதுவா அடிவயிறும் இடுப்போட ரெண்டு பக்கமும்தான் கடைசியா கரையும், பொம்பளைங்களுக்கு தொடை, இடுப்பு. மேல ரெண்டு கட்டம் சீக்கிரமே தலைகாட்டிடும், கீழ ரெண்டுக்காக காத்துட்டே இருக்க வேண்டியிருக்கும். முக்கால்வாசி பேர் கைவிடறது அந்த காத்திருக்கற நேரத்துலதான்.

சரி, எவ்ளோ குறைக்கணும்? ஆண்களுக்கு உடம்புக் கொழுப்பு சுமாரா 10லேர்ந்து 12 சதவீதம் வந்தா நல்லா தெளிவா தெரியும், 14, 15ல நல்ல வெளிச்சத்துல மேல் பக்கம் மட்டும் தெரியும். பெண்களுக்கு 18, 20 சதவீதம் பக்கத்துலயே கோடு விழ ஆரம்பிக்கும், அவங்க உடம்புக்கு இயல்பாவே கொழுப்பு கூடுதலா வேணும், அதனால ஆம்பளைங்க நம்பரை அவங்க துரத்தக்கூடாது. வீட்டுல மேல ஏறி நின்னா சதவீதம் காட்டுற மெஷின் இருக்கே, அது லேசா கரண்ட் விட்டு கணிக்கிறது, தண்ணி குடிச்சா ஒண்ணு காட்டும், குடிக்கலேன்னா வேற ஒண்ணு காட்டும், அதை நம்பி மனசை கெடுத்துக்காதீங்க. ஒரு டேப் வாங்கி தொப்புள் மட்டத்துல, காலையில வெறும் வயித்துல, வயித்தை உள்ள இழுக்காம அளந்து எழுதி வைங்க, அது பொய் சொல்லாது.

இப்போ கணக்கு. 80 கிலோ எடை, 172 சென்டிமீட்டர் உயரம், 30 வயசு, கொழுப்பு 22 சதவீதம் இருக்கற ஒரு ஆம்பளைய எடுத்துக்குவோம். 22 சதவீதம்னா கொழுப்பு மட்டும் சுமார் 17.6 கிலோ, மீதி 62.4 கிலோ. அந்த மீதி குறையாம 12 சதவீதத்துக்கு வரணும்னா எடை கிட்டத்தட்ட 71 கிலோவுக்கு வரணும், அதாவது 9 கிலோ கொழுப்பு போகணும். ஒரு கிலோ உடம்புக் கொழுப்புல சுமாரா 7700 கலோரி இருக்கு. இப்போ இவருக்கு தினமும் எவ்ளோ செலவாகுதுன்னு பாக்கணும், மிஃப்ளின் ஃபார்முலான்னு ஒண்ணு இருக்கு: எடையை 10ஆல பெருக்கு, உயரத்தை 6.25ஆல பெருக்கி கூட்டு, வயசை 5ஆல பெருக்கி கழி, ஆம்பளைன்னா 5 கூட்டு, பொம்பளைன்னா 161 கழி. இவருக்கு 1730 வருது, இது சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்கு ஆகுற செலவு. உக்காந்து பாக்கற வேலை, வாரத்துல மூணு நாலு நாள் எக்சர்சைஸ்னா அதை 1.4ஆல பெருக்கலாம், 2400 பக்கம் வரும். அதுல 500 குறைச்சா 1900. வாரத்துக்கு 3500 கலோரி பள்ளம், கிட்டத்தட்ட அரை கிலோ கொழுப்பு. 9 கிலோவுக்கு 20 வாரம், நடுவுல கல்யாணம், காய்ச்சல், வேலை டென்ஷன்னு வர்றதை எல்லாம் சேர்த்து ஆறு மாசம்னு வெச்சுக்கோங்க. "30 நாளில் சிக்ஸ் பேக்"னு யாராவது சொன்னா அந்த ஆள் ஏற்கனவே ஒல்லியா இருந்திருக்கணும், இல்ல பொய் சொல்லணும்.

500க்கு பதிலா 1000 குறைச்சா பாதி நாள்ல முடிஞ்சிடுமேன்னு தோணும். முடியாது. பசி தாங்காம ராத்திரி பதினோரு மணிக்கு ஃபிரிட்ஜை திறப்பீங்க, அதையும் தாண்டி பிடிச்சு நின்னாலும் கொழுப்போட சேர்ந்து தசையும் போயிடும், கடைசியில ஒல்லியா ஆனா பேக் இல்லாத வயிறுதான் கிடைக்கும். வாரத்துக்கு உடம்பு எடையில அரை சதவீதத்துலேர்ந்து ஒரு சதவீதம் வரைக்கும் குறைஞ்சா போதும், ஏற்கனவே ஒல்லியா இருக்கறவங்க அரை சதவீதத்தை தாண்டாம இருக்கறது நல்லது.

சாப்பாட்டுல நான் கறாரா இருக்கச் சொல்றது ப்ரோட்டீன் ஒண்ணுலதான். உடம்பு எடைக்கு கிலோவுக்கு 1.6லேர்ந்து 2.2 கிராம், நம்ம 80 கிலோ ஆளுக்கு 140 கிராம் பக்கம். கேக்கறதுக்கு கொஞ்சமா தெரியும், ஆனா ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்கு, வெந்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராம்ல 30 கிராம் இருக்கும், வெந்த பருப்பு 100 கிராம்ல 8, 9தான். சைவம் சாப்பிடறவங்க பருப்பு மட்டும் வெச்சு இந்த நம்பரை தொடறது கஷ்டம், தயிர், பனீர், சோயா, டோஃபு எல்லாம் சேர்த்தாகணும், இல்லேன்னா வே பவுடர் ஒரு ஸ்கூப் போட்டுக்கலாம், அது மருந்தும் இல்ல மாயமும் இல்ல, பால்லேர்ந்து பிரிச்செடுத்த ப்ரோட்டீன்தான். நாலு வேளையா பிரிச்சு வேளைக்கு 35 கிராம்னு வெச்சுக்கிட்டா கணக்கு சுலபம், பசியும் அடங்கும்.

மாவுச்சத்தை அடியோட நிறுத்தணும்னு அவசியமே இல்ல. நிறுத்தினா முதல் வாரமே ரெண்டு கிலோ குறையும், எல்லாரும் துள்ளி குதிப்பாங்க, ஆனா அதுல பெரும்பாலானது தண்ணி, மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜன்ங்கற வடிவத்துல சேத்து வெச்சிருக்கும், அது ஒரு கிராமோட மூணு கிராம் அளவுக்கு தண்ணியும் ஒட்டிட்டு இருக்கும், அது போகுது. நிஜமா கணக்கை கெடுக்கறது எண்ணெய். ஒரு டேபிள்ஸ்பூன்ல 120 கலோரி, தாளிக்கும்போது கண்ணை மூடிக்கிட்டு ஊத்தற ஊத்துக்கு மூணு ஸ்பூன் போயிடும், இவ்ளோ கஷ்டப்பட்டு உருவாக்கின 500 கலோரி பள்ளத்துல 360 அங்கயே நிரம்பிடும். ஸ்பூன்ல அளந்து ஊத்துங்க. அப்புறம் குடிக்கிற கலோரி, சர்க்கரை போட்ட டீ காபி, ஜூஸ், பீர், இதெல்லாம் வயிறு நிறைக்காது, கணக்குல மட்டும் ஏறும். ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி, சர்க்கரையை விட அதிகம். முதல் ரெண்டு வாரமாவது ஒரு சமையல் தராசு வெச்சு எடை போட்டு சாப்பிடுங்க, அப்புறம் கண்ணே அளவு சொல்லிடும்.

இப்போ எக்சர்சைஸ். வயித்துத் தசையும் மத்த தசை மாதிரியேதான், கைக்கு எப்படி வெயிட் ஏத்தறோமோ அதே மாதிரி இதுக்கும் ஏத்தணும். 200 க்ரன்ச் அடிக்கறதை விட, 12 தடவைக்கு மேல முடியாத அளவுக்கு கஷ்டமான ஒண்ணை மூணு செட் பண்றது ரொம்ப பிரயோஜனம், வாரத்துல ரெண்டு மூணு நாள் போதும். நான் ஒண்ணே ஒண்ணு தேர்ந்தெடுன்னு சொன்னா ரிவர்ஸ் க்ரன்ச்தான் சொல்வேன், ஆனா பாதி பேர் இதை தப்பாதான் பண்றாங்க. மல்லாந்து படுங்க, முழங்காலை மடக்கி தொடை நெட்டுக்குத்தா நிக்கற மாதிரி வைங்க, கீழ் முதுகு தரையோட ஒட்டியிருக்கணும், ஒரு விரல் கூட உள்ள நுழையக்கூடாது. இப்போ காலை வீசாம, மூச்சை வெளிய விட்டுக்கிட்டே பிட்டத்தை தரையிலேர்ந்து சுருட்டி தூக்குங்க, முழங்கால் நெஞ்சுப் பக்கமா வரும். அசையுறது முழங்கால் இல்ல, இடுப்பெலும்பு, அது விலா எலும்பை நோக்கி மடங்கணும், அந்த மடக்கறதுதான் இந்த தசையோட வேலையே. மேல ஒரு செகண்ட் நிறுத்தி, இறங்கும்போது மூணு செகண்ட் எடுத்து முதுகெலும்பை கண்ணி கண்ணியா தரையில படிய வைங்க. ஒழுங்கா பண்ணா எட்டாவதுலயே வயிறு நடுங்கும். 15 சுலபமா வந்துட்டா சாய்வு பெஞ்ச்ல பண்ணுங்க, அதுவும் சுலபமானா கம்பியில தொங்கி லெக் ரெய்ஸ், அங்கயும் இதே விதிதான், வெறும் காலை மட்டும் தூக்கினா தொடை மேல இருக்கற தசைதான் வேலை செய்யும், இடுப்பு சுருளணும்.

மேல் பக்கத்துக்கு கேபிள் க்ரன்ச் (ஜிம் மெஷின் கயித்தை பிடிச்சு முட்டி போட்டு கீழ சுருளறது) வெச்சுக்கலாம், வெயிட் ஏத்த வசதி. கேபிள் இல்லேன்னா நெஞ்சு மேல டம்பெல் பிடிச்சுக்கிட்டு சாதா க்ரன்ச். ப்ளாங்க் நல்லதுதான், ஆனா அஞ்சு நிமிஷம் நிக்கறது வெறும் பொறுமைப் பரீட்சை. ஒரு நிமிஷம் சுலபமா வந்துட்டா ஆப் வீலுக்கு (ரெண்டு பக்கமும் கைப்பிடி வெச்ச சின்ன சக்கரம், முட்டி போட்டு முன்னால உருட்டறது) மாறிடுங்க. பக்கவாட்டுல டம்பெல் பிடிச்சு சாயறதை அளவுக்கு மீறி வெயிட் ஏத்தி பண்ணாதீங்க, இடுப்பு அகலமா தெரிய ஆரம்பிக்கும்னு நிறைய பேர் தவிர்ப்பாங்க, நானும் அந்த கட்சிதான்.

இதோட ஸ்குவாட், டெட்லிஃப்ட், புல்-அப், பெஞ்ச் ப்ரெஸ், ரோயிங்னு மொத்த உடம்புக்கும் வாரம் மூணு நாள் வெயிட் தூக்கணும். கலோரி குறைக்கிற சமயத்துல வெயிட்டையும் குறைச்சு நிறைய தடவை அடிச்சா கட்டிங் வரும், அதாவது தசை வெட்டு வெட்டா தெரியும்னு சொல்வாங்க, கேக்காதீங்க, கனமான வெயிட்டுதான் இந்த தசை வேணும்னு உடம்புக்கு சொல்லும், அது இல்லேன்னா தசையையும் சேத்து கரைச்சிடும். கார்டியோவுக்கு ஓடணும்னு கட்டாயம் இல்ல, தினமும் எட்டாயிரம், பத்தாயிரம் ஸ்டெப் நடந்தாலே போதும், பசியையும் கிளப்பாது, முட்டியும் தப்பிக்கும்.

தூக்கத்தை யாரும் சீரியஸா எடுத்துக்கறதில்ல. 2010ல வந்த ஒரு சின்ன ஆய்வு, ஒரே ஆளுங்களை ஒரே கலோரி குறைவுல ரெண்டு வாரம் எட்டரை மணி நேரம் படுக்க விட்டாங்க, இன்னொரு ரெண்டு வாரம் அஞ்சரை மணி நேரம்தான். எடை ரெண்டுலயும் ஒரே அளவுதான் குறைஞ்சுது, ஆனா தூக்கம் குறைஞ்சப்போ கொழுப்பு போனது 55 சதவீதம் கம்மி. பத்து பேரை வெச்சு பண்ணதுதான், இருந்தாலும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஃபோன் பாத்துட்டு காலையில அஞ்சு மணிக்கு ஜிம்முக்கு ஓடறவங்க யோசிக்கணும்.

வயித்துல கட்டிக்கற வேர்வை பெல்ட், கரண்ட் அடிக்கற பெல்ட் எல்லாம் காசுக்கு கேடு. வேர்வை பெல்ட்ல போறது தண்ணி. கரண்ட் பெல்ட் வித்தவங்க மேல அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் 2002லயே பொய் விளம்பரம்னு கேஸ் போட்டுச்சு, இன்னமும் வேற வேற பேர்ல வந்துட்டுதான் இருக்கு.

தினமும் காலையில எடை பாருங்க, ஆனா ஒரு நாள் நம்பரை பாக்காதீங்க, ஏழு நாள் சராசரியை போன வாரத்தோட ஒப்பிடுங்க. உப்பு அதிகமா சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறி நிக்கும், பெண்களுக்கு பீரியட்ஸ் சமயத்துல ஏறும், அதெல்லாம் கொழுப்பு இல்ல. மூணு வாரம் சராசரியும் டேப்பும் ரெண்டுமே அசையலேன்னா மட்டும் 100, 150 கலோரி குறைங்க, இல்ல ரெண்டாயிரம் ஸ்டெப் கூட்டுங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணாதீங்க.

இது எல்லாருக்கும் இல்லங்கறதையும் சொல்லணும். சுகருக்கு மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம கலோரி குறைக்கக்கூடாது, லோ சுகர் ஆயிடும். பிரசவத்துக்கு அப்புறம் எழுந்து உக்காரும்போது வயித்து நடுவுல கூர்மையா மேடு மாதிரி எழும்பினா ரெண்டு தசையும் விலகியிருக்கலாம், அப்போ க்ரன்ச் பண்ணாம முதல்ல பிசியோதெரபிஸ்ட்டை பாருங்க. டயட்ல இருக்கும்போது பீரியட்ஸ் நின்னு போச்சுன்னா பள்ளம் ரொம்ப ஆழம்னு அர்த்தம், சாப்பாட்டை கூட்டிட்டு டாக்டரை பாருங்க. சாப்பாட்டு விஷயத்துல ஏற்கனவே மனசளவுல சிக்கல் இருந்தவங்க இந்த பக்கமே வர வேண்டாம்.

கட்டம் தெரிஞ்சதும் பழைய சாப்பாட்டுக்கு ஒரே தாவா தாவாதீங்க. எடை குறைஞ்சிருக்கறதால இப்போ செலவும் கம்மி, 71 கிலோவை வெச்சு முன்னாடி சொன்ன கணக்கை போட்டா 2300 பக்கம்தான் வரும், நிஜத்துல இன்னும் கொஞ்சம் கீழ கூட இருக்கலாம். வாரத்துக்கு 100, 150னு கூட்டிக்கிட்டே போய் எடை நிக்கற இடத்துல நிறுத்துங்க. முதல் ரெண்டு வாரத்துல ஒண்ணு ரெண்டு கிலோ ஏறும், அது கிளைகோஜனும் தண்ணியும், டேப்ல தொப்புள் அளவு அப்படியே இருந்தா கவலைப்பட ஒண்ணுமில்ல.